எத்தனை வோல்ட்? ஒரு ஜம்பரின் கதை

சென்னை வீடுகளில் 'வோல்டேஜ்' எப்போதோ தமிழ்ச் சொல்லாகிவிட்டது. "லோ வோல்டேஜா இருக்கு, மோட்டார் போடாதே" என்று சொல்லும் பாட்டிக்கு யாரும் இயற்பியல் வகுப்பு எடுத்ததில்லை. மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். டியூப்லைட் கண் சிமிட்டும். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டெபிலைசர் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் குறைந்து வந்தால் என்ன ஆகும், கூடி வந்தால் என்ன ஆகும் என்பது இந்த ஊரில் அனுபவ அறிவு. 1990களில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, கூடவே ஒரு ஸ்டெபிலைசரோ யூபிஎஸ்ஸோ வந்ததற்கு அந்த அறிவுதான் காரணம்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் கேபினெட்டுக்குள்ளே இன்னொரு வோல்டேஜ் பிரச்சினை இருந்தது. எந்த ஸ்டெபிலைசராலும் தீர்க்க முடியாத பிரச்சினை. 3.3 வோல்ட்டா, 2.8 வோல்ட்டா என்ற அரை வோல்ட் தகராறு. அதைத் தீர்த்து வைத்தது ஒரு ஜம்பர்.

இன்றைய வாசகர்களில் பலர் ஜம்பரைப் பார்த்திருக்க மாட்டார்கள். மதர்போர்டின் மேல் குண்டூசிபோல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊசிகள், அவற்றுக்கிடையே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இரண்டையும் சேர்த்து மூடும் ஒரு குட்டி பிளாஸ்டிக் தொப்பி. உள்ளே ஒரு உலோகத் தகடு. தொப்பியைப் போட்டால் இணைப்பு உண்டு, எடுத்தால் இல்லை. அவ்வளவுதான் மேட்டர். கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்தத் தொப்பி எந்த ஊசியில் உட்காருகிறது என்பதைப் பொறுத்து, ஒரு குடும்பம் பல மாதம் சேர்த்து வாங்கிய பிராசசர் பத்து வருடம் ஓடும், அல்லது கொஞ்ச நாளில் போய்விடும்.

1990களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 2000 வரை, "இந்த பிராசசருக்கு எத்தனை வோல்ட்?" என்ற கேள்விக்கு மனிதர்கள் கையால் பதில் சொன்னார்கள். அதற்கு முன்னால் அந்தக் கேள்வி எழவே இல்லை. பின்னால், கேள்வியும் பதிலும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போயின.

ஐந்து வோல்ட் காலம்

8088, 286, 386 எல்லாமே 5 வோல்ட்டில் ஓடியவை. பிராசசர் மட்டுமல்ல, மெமரி, சொருகும் கார்டுகள், சுற்றியிருந்த சின்னச் சின்ன ஐசிக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 5 வோல்ட். 1960களில் பரவிய டிடிஎல் வகைச் சிப்புகள் வைத்த வழக்கம் அது. நம் ஊரில் எஸ்எம்பிஎஸ் என்று அழைக்கப்படும் பவர் சப்ளை பெட்டியில் 5 வோல்ட் கம்பியும் 12 வோல்ட் கம்பியும் இருந்தன. ஐந்தை அப்படியே பிராசசருக்கு அனுப்பினால் போதும். யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு நிலைக்காது என்பதற்கான காரணத்தை ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974-லேயே எழுதிவிட்டார்கள். டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் அதே விகிதத்தில் சுருக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டரை அடைத்தாலும் அந்தப் பரப்பு வெளிவிடும் சூடு கூடாது. சுருக்காவிட்டால் சூடு எகிறும். டிரான்சிஸ்டருக்குள்ளே இருக்கும் மெல்லிய காப்புப் படலமும் தாங்காது. ஆனாலும் பழைய சிப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே தொழில்துறை பல வருடம் ஐந்து வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிடி தளர்ந்தது பென்டியத்தில். 1993 மார்ச்சில் வந்த முதல் பென்டியம் 31 லட்சம் டிரான்சிஸ்டர் கொண்டது. 60, 66 மெகாஹெர்ட்ஸ் வேகம். வோல்டேஜ் அதே பழைய 5. அதன் 66 மெகாஹெர்ட்ஸ் வடிவம் உச்சத்தில் சுமார் 16 வாட் சூட்டை வெளிவிட்டது. அது வரைக்கும் விசிறியே இல்லாமல் ஓடிய டெஸ்க்டாப் பிராசசர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது அடுப்பு. ஒரு வருடத்திலேயே இன்டெல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கியது. 75, 90, 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியங்களும், 486 வரிசையின் டிஎக்ஸ்4-உம் 1994-இல் அந்த வோல்டேஜில் வந்தவை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரே வேகத்தில் ஓடும் சிப் வெளிவிடும் சூடு வோல்டேஜின் இருமடிப்படி கூடும், குறையும். 5-இன் வர்க்கம் 25. 3.3-இன் வர்க்கம் 10.89. ஐந்திலிருந்து 3.3-க்கு இறங்கினால் சூடு பாதிக்கும் கீழே போகிறது. அதையே திருப்பிப் பாருங்கள்: 3.3 வோல்ட் டிஎக்ஸ்4-ஐத் தெரியாமல் ஒரு பழைய 5 வோல்ட் போர்டில் சொருகினால், அது தாங்க வேண்டிய சூட்டைப் போல் இரண்டேகால் மடங்குக்கு மேல் வாங்குகிறது. ஊசிகள் கச்சிதமாகப் பொருந்தும், சாக்கெட் எதிர்ப்புத் தெரிவிக்காது. வோல்டேஜ் மட்டும் தப்பு.

அதனால்தான் 486 போர்டுகளில் ஜம்பர்கள் முளைத்தன. 5, 3.3, 3.45, சில சைரிக்ஸ் சிப்புகளுக்காக 4 என்று பல வாய்ப்புகள். ஏஎம்டியும் சைரிக்ஸும் இன்டெல் சாக்கெட்டுக்கே சிப் செய்த காலம், ஆளுக்கொரு வோல்டேஜ். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவதோ 5 வோல்ட் மட்டும். அதை இறக்க போர்டின் மேல் ஒரு ரெகுலேட்டர், அதன் முதுகில் ஒரு அலுமினியத் துண்டு. ஜம்பர் செய்வது, அந்த ரெகுலேட்டரோடு சேரும் மின்தடையை மாற்றி, "இவ்வளவுக்கு இறக்கு" என்று சொல்வது.

அட்டவணை படித்தவர்கள்

இந்த மாற்றம் சென்னைக்குள் நுழைந்த வாசல் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கினால் வரும் தெரு; பக்கத்திலேயே நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு. ரேடியோ பாகங்கள் விற்ற இடம் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் இடமாக மாறியிருந்தது. 1991-இன் பொருளாதாரத் திறப்புக்குப் பிறகு தைவான் போர்டுகள் தாராளமாக வரத் தொடங்கின. 1997-இல் பறக்கும் ரயில் திருமயிலை வரை நீண்டபோது, மயிலாப்பூர்க்காரர் ஏறி உட்கார்ந்தால் சில நிலையங்களில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிவிடலாம். கையில் நாலு கடையில் வாங்கிய கொட்டேஷன் தாள், பையில் பணம், மனசுக்குள்ளே பயம்.

கம்பெனி பெயர் போட்ட கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத நடுத்தர வீடுகளுக்கு 'அசெம்பிள்டு' தான் வழி. கடையின் பின்பக்க மேசையில், போர்டை அதனோடு வந்த ஸ்பாஞ்சு விரிப்பின் மேல் வைத்து, பிராசசரையும் மெமரியையும் சொருகி, மானிட்டரில் எழுத்து வருகிறதா என்று பார்ப்பார்கள். "டிஸ்பிளே வந்துடுச்சு சார்" என்ற அறிவிப்பு வரும் வரை வாங்க வந்தவருக்கு நிம்மதி கிடையாது. அந்த அறிவிப்புக்கு முன்னால் நடக்கும் வேலை ஜம்பர் போடுவது.

போர்டோடு ஒரு மெல்லிய புத்தகம் வரும். தைவானில் அச்சிட்ட ஆங்கிலம். வாக்கியங்கள் தடுமாறும், அட்டவணைகள் தடுமாறா. இடதுபுறம் பிராசசர் பெயர், நடுவில் வோல்டேஜ், வலதுபுறம் எந்த ஊசியில் தொப்பி என்று ஒரு படம். புத்தகம் தொலைந்தாலும் அதே அட்டவணை பல போர்டுகளின் மேலேயே வெள்ளை எழுத்தில் அச்சாகியிருக்கும். இதைப் படிக்க ஆங்கிலம் தேவையில்லை. எண்ணும் படமும் தெரிந்தால் போதும். பாலிடெக்னிக் முடித்தவர், பிளஸ் டூவோடு நின்றவர், தமிழ்வழியில் படித்தவர் எல்லாரும் அந்த மேசைக்கு வந்து சேர முடிந்ததற்கு அந்த அட்டவணையும் ஒரு காரணம். தி.நகரின் பயிற்சி மையங்கள் சொல்லிக்கொடுத்தது மென்பொருள். வோல்டேஜைக் கற்றுக்கொடுத்தது போர்டில் அச்சான அந்த வெள்ளை எழுத்து.

ஆனால் அட்டவணை மட்டும் போதவில்லை. சிப்பையும் படிக்கத் தெரிய வேண்டும். 3.3 வோல்ட் பென்டியத்திலேயே இரண்டு சாதி உண்டு. சாதாரண வகை 3.135 முதல் 3.6 வரை எதையும் ஏற்கும். இன்னொரு வகைக்குக் குறைந்தது 3.4 வேண்டும். சிப்பின் அடியில் இருக்கும் குறியீட்டில் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எழுத்து 'எஸ்' என்றால் சாதாரணம், 'வி' என்றால் கூடுதல் கேட்கிறது என்று பொருள். சொருகிய பிறகு அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? சொருகும் முன் திருப்பிப் பார்த்தவர் தொழில் தெரிந்தவர்.

இரண்டு வோல்டேஜ்

1997 ஜனவரியில் எம்எம்எக்ஸ் பென்டியம் வந்ததும் நிலைமை இன்னொரு சுற்று சிக்கலானது. சிப்பின் உட்பகுதிக்கு 2.8 வோல்ட், வெளியுலகோடு பேசும் விளிம்புப் பகுதிக்கு 3.3. ஒரே சிப்புக்கு இரண்டு வோல்டேஜ். சாக்கெட் 7 என்ற அந்தப் பொது மேடையில் அடுத்தடுத்து வந்தவர்கள் ஒவ்வொருவரும் உட்பகுதிக்கு ஒவ்வொன்று கேட்டார்கள். சைரிக்ஸ் 6எக்ஸ்86எம்எக்ஸ் 2.9. ஏஎம்டி கே6-இன் 166, 200 மெகாஹெர்ட்ஸ் வடிவங்கள் 2.9, அதே கே6 233 மெகாஹெர்ட்ஸ் ஆனால் 3.2. 1998-இல் கே6-2 வந்தபோது 2.2.

இந்தக் கே6-க்குப் பின்னால் ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. புனேயில் பிறந்து டெல்லி பொறியியல் கல்லூரியில் படித்த வினோத் தாம், இன்டெலில் பென்டியம் திட்டத்தை நடத்தியவர். அவரோடு சேர்ந்து அதை வழிநடத்திய அவ்தார் சைனியும் இந்தியரே. தாம் 1995-இல் இன்டெலை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறிய நிறுவனத்துக்குப் போனார். அதை ஏஎம்டி வாங்கியது. நெக்ஸ்ஜென் வடிவமைத்துக்கொண்டிருந்த சிப்தான் கே6 ஆனது. ஆக, ஒரே சாக்கெட்டில் ஒரே ஜம்பரை ஒரு ஊசி இடம் மாற்றிப் போட்டால், தாமின் பழைய வேலையிலிருந்து புதிய வேலைக்குப் போய்விடலாம்.

ஏஎம்டி ஒரு நல்ல காரியம் செய்தது. உட்பகுதிக்கு எத்தனை வோல்ட், விளிம்புக்கு எத்தனை வோல்ட் என்பதைச் சிப்பின் நெற்றியிலேயே அச்சடித்தது. திருப்பிப் பார்க்க வேண்டாம், குறியீடு நினைவில் வைக்க வேண்டாம். வாங்க வந்த அப்பாவும் படிக்கலாம், அசெம்பிள் செய்கிற பையனும் படிக்கலாம், மேலே ஹீட் சிங்க் உட்காரும் வரைக்கும்.

தவறான வோல்டேஜ் எப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளும்? குறைவாகக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். லோ வோல்டேஜில் மோட்டார் முனகுவது போல, சிஸ்டம் 'ஹேங்' ஆகும், விண்டோஸ் பாதியில் நிற்கும், சில சமயம் டிஸ்பிளேவே வராது. கூடுதலாகக் கொடுத்தால்? பெரும்பாலும் நன்றாக ஓடும். 2.8 கேட்கும் எம்எம்எக்ஸ்சுக்கு 3.3 கொடுத்தால் சுமார் 39 சதவீதம் கூடுதல் சூடு. ஆனால் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டு வோல்டேஜ் வசதியில்லாத பழைய போர்டுகளில் எம்எம்எக்ஸ் சொருகி ஓட்டியவர்கள் அன்று உலகம் முழுக்க இருந்தார்கள். மெல்லிய காப்புப் படலமும், உள்ளே ஓடும் உலோகக் கோடுகளும் மெதுவாகத் தேய்வது வெளியே தெரியாது.

அந்த மேசையில் ஒரு பையனின் நேர்மையைச் சோதித்த இடம் இது. வாங்கியவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சிஸ்டம் ஒரு தரம் ஹேங் ஆகிறது. ஜம்பரை ஒரு படி ஏற்றிவிட்டால் ஹேங் நின்றுவிடும், பில் போட்டு அனுப்பிவிடலாம். ஆயுள் குறைந்தது யாருக்கும் தெரியாது. தெரியும்போது வாரண்டி முடிந்திருக்கும். ஏற்றாமல், ஹீட் சிங்க் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மெமரி சரியா, எஸ்எம்பிஎஸ் சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். சென்னை வெயிலில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. பென்டியத்தின் மேற்புறம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது இன்டெல் வைத்த வரம்பு. 25 டிகிரி அறையில் அதற்கு 45 டிகிரி இடைவெளி இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத 38 டிகிரி அறையில், 32 தான் மிச்சம். கேபினெட்டுக்குள்ளே அதுவும் இல்லை. குளிரூட்டிய அறையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்த அரை வோல்ட், மே மாதத்து அடையாறு மாடி அறையில் வேறு விதமாக வேலை செய்யும்.

சிப்பே சொல்லட்டும்

இந்தச் சிக்கலுக்கான தீர்வை இன்டெல் 1995 நவம்பரில் வந்த பென்டியம் புரோவிலேயே வைத்துவிட்டது. மனிதரை நம்ப வேண்டாம். தனக்கு எத்தனை வோல்ட் என்பதைச் சிப்பே சொல்லட்டும். அதற்கென்று சில ஊசிகள். ஒவ்வொரு ஊசியும் தரையோடு இணைக்கப்பட்டிருக்கும் அல்லது விடப்பட்டிருக்கும். 1997-இன் பென்டியம் 2-இல் அப்படி ஐந்து ஊசிகள். ஐந்து ஊசியில் 32 விதமான பதில் சொல்லலாம். தொழிற்சாலையிலேயே பதில் எழுதப்பட்டுவிடும். போர்டு அதைப் படித்து ரெகுலேட்டரை அமைத்துக்கொள்ளும். முதல் பென்டியம் 2 2.8 வோல்ட், அடுத்த வருடம் வந்தது 2.0, போர்டு வித்தியாசத்தைத் தானே புரிந்துகொண்டது.

விளையாட்டுப் பிள்ளைகள் அதையும் விடவில்லை. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்று உலகமே கண்டுபிடித்தது. அதன் கார்டு விளிம்பில் குறிப்பிட்ட தொடுமுனைகளின் மேல் ஒரு துளி நெயில் பாலிஷோ, மெல்லிய டேப்போ போட்டு மறைத்தால், சிப் சொல்லும் பதில் மாறும், வோல்டேஜ் கூடும். அக்காவின் நெயில் பாலிஷ் ஜம்பராகிவிட்டது. ஆனால் சாக்கெட் 7 ஓய்ந்ததோடு, வோல்டேஜ் ஜம்பர் போடுவது அன்றாட வேலையாக இருந்த காலமும் முடிந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது, புதிதாக அசெம்பிள் செய்கிறவருக்கு வோல்டேஜ் அட்டவணை அநேகமாகத் தேவைப்படவில்லை.

அது நல்லதுக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 2004-இல் அதே தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில் 'கப்ரு' என்ற கணினித் தொகுப்பு உருவானது. 144 கணுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் பிராசசர். உலகின் முதல் 500 கணினிகள் பட்டியலில் இடம் பிடித்தது. 288 சிப்புகளுக்கும் ஒருவர் உட்கார்ந்து ஜம்பர் போடுவதைக் கற்பனை செய்துபாருங்கள். ஒன்றில் தப்பினாலும் மொத்தக் கணக்கும் தப்பும். இன்றைய சிப் ஒரு நொடிக்குள் பலமுறை தன் வோல்டேஜை ஏற்றி இறக்கிக்கொள்கிறது. எந்த மனிதக் கையாலும் ஆகாத வேலை அது.

கண்ணுக்குத் தெரியாத எண்

ஆனால் கை மாறியதால் தப்பு ஒழிந்ததா? 2005 வாக்கில் டென்னார்டின் விதி தளர்ந்துவிட்டது. வோல்டேஜை ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு அதற்கு மேல் இறக்குவது கடினமாகிவிட்டது. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதே மின்சாரம் கசியத் தொடங்கியது. வேகம் கூட்ட வேண்டுமென்றால் வோல்டேஜையும் கொஞ்சம் ஏற்று என்ற பழைய சபலம் மறுபடி தலைதூக்கியது. இந்த முறை மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரிய நிறுவனங்கள்.

2023-இல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் சிப்புகள் சில சாக்கெட்டிலேயே கருகின. சிப்பின் ஒரு பகுதிக்குப் போகும் வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி மென்பொருள் மூலம் வரம்பு போட்டது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் காரணம் புரியாமல் திணறின. சிப்புக்குள் இருந்த மைக்ரோகோடே தவறான, கூடுதலான வோல்டேஜைக் கேட்டிருக்கிறது என்று இன்டெல் அந்த ஜூலையில் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

ரிச்சி தெரு மேசையில் நடந்திருக்கக்கூடிய அதே கதை. கூடுதல் வோல்ட், நன்றாக ஓடும் சிஸ்டம், பிறகு மெதுவாகத் தெரியும் சேதம். ஒரே ஒரு வித்தியாசம். 1997-இல் சந்தேகம் வந்தால் நாலு திருகாணியைக் கழற்றி, போர்டில் அச்சான அட்டவணையையும் ஜம்பரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் நம் கண் முன்னால் இருந்தது. யார் தப்பு செய்தார் என்பதும் தெரிந்தது. 2024-இல் பலர் தங்கள் கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது என்று தெரியாமல் மெமரியை மாற்றினார்கள், போர்டை மாற்றினார்கள், விண்டோஸைத் திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். சிப்பின் நெற்றியில் வோல்டேஜை அச்சடிப்பது இனி சாத்தியமில்லை. அது நிலையான எண்ணே இல்லை. ஆனால் அது எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதையும், எந்த மென்பொருள் அதைத் தீர்மானிக்கிறது என்பதையும் வாங்குகிறவர் எளிதாகப் பார்க்கும்படி வைக்கலாம். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பழைய போர்டுகள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு, சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சில விஷயங்கள். 386, 486 போர்டு என்றால் பீப்பாய் வடிவ பேட்டரி கசிந்து தாமிரக் கோடுகளை அரித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்டென்சர்களின் தலை உப்பியிருந்தால் மின்சாரமே கொடுக்க வேண்டாம். ரெகுலேட்டரின் வோல்டேஜைச் சீராக வைப்பவை அவைதான். ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது தொழில் கணக்கு, நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாக்கெட் 7 போர்டு என்றால் பிராசசரை மாட்டாமல் ஜம்பரை அமைத்து, ரெகுலேட்டர் வெளிவிடும் வோல்டேஜை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் இது முடியும். சிப்பில் அச்சான எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போன பிறகு சொருகினால் போதும்.